கொழும்பில் பிடுங்க மறுத்த பதினேழு பற்கள்

கோணல் எழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உடன்குடியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையிலும் பேங்கிலும் கையெழுத்துப் போடத்தான். இப்போது தூத்துக்குடியில் எங்கள் தெரு மாதர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். "கொழும்பு போயிட்டு வந்திருக்கிய, நாலு பக்கம் எழுதிக் குடுங்க ஆச்சி" என்று நோட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இல்லை, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. கொழும்புக்குப் போவதற்கு முன்னால் வராது என்று சொல்ல வேண்டும்.

மறதியும் இருக்கிறது. எது செவ்வாய், எது புதன் என்று கேட்டால் தெரியாது. எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு எது நடந்தது என்பது மட்டும் மறக்கவில்லை. ஆகவே தேதி போடாமல் சாப்பாட்டைப் போட்டு எழுதிக்கொண்டு போகிறேன்.

என்னை எல்லோரும் வெட்கக்காரி என்பார்கள். பேசும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன். அதில் பாதிதான் வெட்கம். மீதிப் பாதி வாய் நாற்றம். சுகர் வந்து பதினான்கு வருடம். அதற்குப் பின்னால் பிரஷரும் வந்து சேர்ந்தது. கொஞ்ச காலமாக ஈறு வீங்கி, பல்லைப் பாதி மூடி, சாம்பார் சாதம் சாப்பிட்டால்கூட ரத்தம் கசியும். திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போனால் மீன்காரி சத்தம் போடுவாள்: "ஆச்சி, வாயை மூடிக்கிட்டு வெல கேட்டா எனக்கு எப்டிக் கேக்கும்? மீனு நாறுதுன்னு நெனச்சிட்டுப் போவாவ!" சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் முந்தானைக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஆனால் அந்த வாயில் எனக்குச் சொந்தமாகப் பதினேழு பற்கள் இருந்தன. காலையில் எழுந்ததும் நாக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன். நண்டுக் கால் உடைக்கவும், முறுக்கு கடிக்கவும், கார்த்திகை கழிந்து பனங்கிழங்கு வந்தால் நார் உரித்து மெல்லவும் அந்தப் பதினேழும் எனக்கு வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இல்லை.

என் தங்கச்சி ரஞ்சிதம் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளவத்தையில் அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் சுயம்புலிங்கத்துக்கும் ஜவுளிக்கடை. போனில் ஒருநாள், "யக்கா, பாஸ்போர்ட்டு எடுத்து வச்சுப் பூசையா பண்ணுத? கெளம்பி வா. ரெண்டு வாரம் இருந்துட்டுப் போ" என்றாள். என் வீட்டுக்காரர் உப்பளத்தில் மடை பார்த்தவர். காலமாகி ஆறு வருடமாகிறது. வீட்டில் நான் ஒருத்திதான். கிளம்பினேன். பையில் மக்ரூன் டப்பா இரண்டு. ஒன்றில் மக்ரூன், இன்னொன்றில் என் மாத்திரைகள். உடன்குடிக் கருப்பட்டி பத்து.

அங்கே இறங்கியதும் சோதனை அதிகாரி ஒருவர் கருப்பட்டியை வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்தார். முகர்ந்தார். சிங்களத்தில் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்ல, அந்த ஆள் தமிழில் சொன்னார்: "இவருடைய அம்மா ஊரில் கித்துள் மரத்தில் இதே மாதிரி செய்வார்களாம். எது நல்லது என்று கேட்கிறார்." நான் முந்தானையை எடுக்காமலே, "எங்களது" என்றேன். அதிகாரி சிரித்துக்கொண்டே பையை மூடிக் கொடுத்தார். வெளிநாட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். நம் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் போடுவோம். அங்கே அதே தேங்காய்ப்பாலை மஞ்சள் போட்டு, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு, புளிப்பாக்கி ஊற்றுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் ரஞ்சிதம் வாய்க்குள் கையை விட்டு, முழுப் பல் செட்டையும் கழற்றி, ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"பாரு, எப்டி வெள்ளையா இருக்குன்னு. ரத்தமில்ல, வீச்சமில்ல. நாளக் கழிச்சு உனக்கும் இதே ஏற்பாடுதான். டாக்டர்ட்ட நாளு வாங்கிட்டேன்."

பல் இல்லாமல் அவள் பேசியதில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாயிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாளா?"

"கேட்டா நீ வந்திருக்க மாட்ட. பதினேழு பல்ல வச்சிக்கிட்டு என்ன, கல்லயா கடிக்கப் போற? நம்ம அம்மைக்கு அம்பது வயசுலயே எல்லாம் போயிட்டு. உனக்கு அறுவத்தொம்பது. சும்மா கெட."

நான் சும்மா கிடந்தேன். அவள் எனக்கு ஒன்பது வயது இளையவள். ஆனாலும் சின்னப் பிள்ளையிலிருந்தே அவள் சொல்வாள், நான் கேட்பேன்.

மறுநாள் காலை பால்சோறும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும். சாயங்காலம் கடற்கரையை ஒட்டி ரயில் போகிற இடத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். நம் ஊர்க் கடலில் சூரியன் உதிக்கும். அங்கே கடலில் போய் விழுகிறது. ஒரே தண்ணீர்தான், அந்தக் கரையில் நின்று பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. உப்புக் காற்று மட்டும் அதே காற்று. கொஞ்ச நேரம் எனக்கு நம் துறைமுகப் பக்கம் நிற்கிற மாதிரியே இருந்தது.

பக்கத்து டீக்கடையில் ஒரு பழக்கத்தைப் பார்த்தேன். பால் ஊற்றாத கறுப்புத் தேநீரை வாங்கி, கித்துள் கருப்பட்டித் துண்டைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடிக்கிறார்கள். அடடா, நம்ம ஆட்கள் என்று நினைத்தேன். உடன்குடியில் கடுங்காப்பி அப்படித்தானே குடிப்போம். நான் இன்னும் ஒரு படி மேல். ஒரு துண்டை வலது கன்னத்தில் ஒதுக்கிவிட்டால் காப்பி முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஊறிக்கொண்டே இருக்கும். நானும் என் துண்டை எடுத்து ஒதுக்கிக்கொண்டேன்.

சுயம்புலிங்கம் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார். "மதினி, கருப்பட்டியும் சீனி மாதிரிதான்னு இங்க டாக்டர்மாரு சொல்லுதாவ. எனக்கும் சுகருதான். நான் விட்டுட்டேன்."

"இங்க உள்ள டாக்டருக்கு உடன்குடி தெரியுமா?" என்றேன்.

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அதே கடையில் மீன் வைத்த பன் ஒன்று வாங்கித் தந்தார்கள். முக்கோணமாக, உள்ளே காரமாக. இரண்டு கடி கடித்தேன். பன்னில் சிவப்பாக என் வாய் அச்சு விழுந்திருந்தது. மடித்து மறைப்பதற்குள் ரஞ்சிதம் பார்த்துவிட்டாள். "பாத்தியா? நாளைக்கு இதுக்கு முடிவு கட்டுதேன்" என்றாள்.

முடிவு கட்டுகிற நாள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அதனால்தான் அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பல் ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. ஏசி குளிர். நாற்காலியில் படுக்க வைத்து, கழுத்தில் ஒரு பச்சைத் துணியைக் கட்டினார்கள். டாக்டர் வந்தார், விளக்கை அடித்தார், பத்து எண்ணுவதற்குள் பார்த்து முடித்தார். சிங்களத்தில் ரஞ்சிதத்திடம் சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள்: "இந்த ஈறு எந்தப் பல்லையும் தாங்காது, சுகர் வந்த உடம்பு, போராடுறது வீண், இன்னைக்கு மேல் வரிசை, அடுத்த வாரம் கீழ் வரிசைங்காரு."

"சுகர் எவ்வளவுன்னு பாக்கலயே" என்றேன். "பிரஷர் பாக்கலயே. நம்ம ஊர்ல கால் ஆணி எடுக்கப் போனாலே சுகர் எவ்வளவுன்னு கேப்பாவளே."

ரஞ்சிதம் அதை அவரிடம் சொல்லவில்லை. "யக்கா, மானத்த வாங்காத. வாயத் தொற."

டாக்டர் ஊசியை எடுத்தார். எனக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கியது. அதில் என் முகம் தெரிந்தது. பயந்த முகம். அறுபத்தொன்பது வருடமாக எல்லாவற்றுக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குத்தான் உபயோகமாக மூடினேன்.

டாக்டர் விரலால் உதட்டைத் தொட்டார். திறக்கவில்லை. ரஞ்சிதம் கன்னத்தைத் தட்டினாள். திறக்கவில்லை. நர்ஸ் சிரித்தாள். நான் எழுந்து உட்கார்ந்து, பச்சைத் துணியை அவிழ்த்து, நான்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிவிட்டேன். பின்னால் ரஞ்சிதம், "ஏய்! யக்கா! எங்க போற? உனக்கு வழி தெரியுமாளா?" என்று கத்தினாள். கோபத்தில், இளையவளைக் கூப்பிடுகிற மாதிரி அக்காவை "ளா" போட்டுவிட்டாள். தெரியாதுதான். அதற்காக நிற்க முடியுமா?

ரோட்டில் ஒரு பஸ் வந்தது. அது நின்றது என்று சொல்ல முடியாது, கொஞ்சம் மெதுவானது. கண்டக்டர் கையைப் பிடித்து இழுக்க, எப்படியோ உள்ளே இருந்தேன். நான் வெள்ளவத்தை என்று சொன்னேன். அவன் வேறென்னவோ சொன்னான். ஜன்னல் வழியே பார்த்தால் கடல் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. திருச்செந்தூர் போக வேண்டியவள் மதுரை வண்டியில் ஏறிய கதைதான்.

பக்கத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். "அம்மா, இந்த பஸ் கோட்டைக்கெல்லோ போகுது. நீங்கள் எதிர்ப் பக்கம் ஏறியிருக்க வேணும்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்க முந்தானையை எடுத்தேன். அதில் ரத்தக்கறை.

"முரசாலே ரத்தம் வருது?"

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். அங்கே ஈறுக்கு அதுதான் பெயராம்.

நடந்ததைச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கேட்டுவிட்டு, "எனக்கும் சீனி வருத்தம்தான். என்ரை பல்லும் ஆடினது. முரசுக்கெண்டே பாக்கிற ஒரு லேடி டொக்டர் இருக்கிறா. வெள்ளவத்தையிலதான். பிடுங்கிறது அவவுக்குக் கடைசி வேலை" என்றார். அடுத்த நிறுத்தத்தில் தானும் இறங்கி, ஆட்டோ பிடித்து, என்னை ரஞ்சிதம் வீட்டு வாசலில் விட்டார். வாசலில் சுயம்புலிங்கம் நின்றுகொண்டிருந்தார். ரஞ்சிதம் என்னைத் தேடி இரண்டு ரோடு அலைந்துவிட்டு வந்து, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் ணங்கென்று வைத்தாள். அன்றைக்குப் பருப்புக்கறி.

லேடி டாக்டரிடம் போன நாள் காலை இட்லி. ரஞ்சிதம் துணைக்கு வந்தாள். துணைக்கு இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். "அந்தம்மாவும் பிடுங்கணும்பாவ, அப்பப் பாரு" என்றாள்.

முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்தார்கள். இரண்டும் கூடுதல். அதற்குப் பிறகுதான் டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தன் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆ எண்டுங்கோ அம்மா. இடப்பக்கம் பரவாயில்ல. வலப்பக்கம் ஏன் இவ்வளவு மோசம்? உதென்ன, கன்னத்துக்குள்ள கறுப்பா?"

பயத்தில் காத்திருந்தபோது ஒரு துண்டு ஒதுக்கியிருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"கருப்பட்டி" என்றேன். "சீனியில்ல. நான் சீனியத் தொட்டுப் பதினாலு வருசமாச்சு."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"காப்பிக்கு மட்டுந்தான். அஞ்சு... ஆறு."

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "அம்மா, உங்கட ரத்தத்துக்கு ஊர்ப்பேர் தெரியாது. கரும்பில இருந்து வந்தாலும் பனையில இருந்து வந்தாலும் அதுக்கு எல்லாம் இனிப்புத்தான். அதையும் முரசோட ஒட்ட வைச்சு ஆறு தரம் ஊற விட்டிருக்கிறியள். கிருமிக்கு நீங்களே விருந்து வைக்கிறியள்."

எனக்குக் கோபம் வந்தது. "எங்க ஊர்க் கருப்பட்டியப் பத்தி அப்டிச் சொல்லாதிய" என்றேன். ஒரு டாக்டரை நான் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். அவர் கோபப்படவில்லை. "எனக்கும் அது நல்ல விருப்பம் அம்மா. உங்களுக்குத்தான் சரிவராது" என்றார்.

வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். கறுப்பும் சிவப்புமாகப் போனது. அப்போது எனக்கு என் பல்லைவிட நம் தெருதான் நினைவுக்கு வந்தது. சுகர் வந்த எத்தனை பெண்களிடம் நான் சொல்லியிருக்கிறேன், "சீனிய விடு, கருப்பட்டிக்கு மாறு, ஒண்ணுஞ் செய்யாது" என்று. எங்கள் தெருச் சண்முகத்தாயிடம் சொன்னேன். தண்ணீர் பிடிக்க வரும் அத்தனை பேரிடமும் சொன்னேன். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என் பேச்சைக் கேட்டவர்கள். நான் எழுத ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம். நான் சொன்னது தப்பு. விட்டுவிடுங்கள்.

பிறகு டாக்டர் மாத்திரைகளைக் கேட்டார். மக்ரூன் டப்பாவைத் திறந்து காட்டினேன். சிரித்துக்கொண்டே கிளறியவர், பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்ததும் சிரிப்பை நிறுத்தினார். அம்லோடிபின் என்று படித்தார்.

"இந்தக் குளிசை எப்ப இருந்து?"

"நாலு வருசம் இருக்கும்."

"முரசு தடிக்கத் தொடங்கினது?"

நான் யோசித்தேன். என் வீட்டுக்காரர் காலமான இரண்டாவது வருடத் திதிக்கு வடை கடித்தேன். அப்போது வீக்கம் இல்லை. அடுத்த திதிக்கு வடையைப் பிய்த்து ஊற வைத்துத் தின்றேன். விரல் விட்டு எண்ணினால் கணக்கு நேராக வந்து உட்கார்ந்தது.

"இது நல்ல குளிசைதான். எத்தினையோ பேருக்கு ஒண்டும் செய்யாது. சில பேருக்கு முரசைத் தடிக்கப் பண்ணும். அழுக்கும் சீனியும் சேர்ந்தால் இன்னும் கூட" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் கஷ்டமான பாகம். எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன்.

நம் உடம்பில் பிரஷரைக் கூட்டுவதற்கென்றே ஒரு ஹார்மோன் வேலை பார்க்கிறது. கிட்னியில் ரெனின் என்று ஒன்று ஊறி அதைக் கிளப்பிவிடும். ஒன்று இன்னொன்றாகி, கடைசியில் ஆஞ்சியோடென்சின் என்று வந்து நிற்கும். பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். அதன் வேலை ரத்தக் குழாயை இறுக்குவது. உப்பளத்தில் என் வீட்டுக்காரர் பார்த்த வேலை மாதிரிதான். மடையை இறுக்கினால் தண்ணீர் ஏறும், தளர்த்தினால் இறங்கும். நல்ல உடம்பில் தேவைக்கு இறுக்கும். சர்க்கரை வியாதி வந்த உடம்பில் அளவு தப்பி இறுக்கிக்கொண்டே போகலாம். இறுக்குவதோடு விடாது, இருக்கிற வீக்கத்தை இன்னும் கிளறியும் விடும். ஈறுக்குள்ளேயும் அது இருக்கிறதாம். எனக்கு அதுதான் ஆச்சரியம். பிரஷர் என்றால் கையில் பட்டை சுற்றுகிற இடத்தில் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஈறு புண்ணானால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் புண்ணாகும். ஒன்று மற்றதற்கு எண்ணெய் ஊற்றுகிறது.

"அப்ப அந்த ஹார்மோன அடக்குற மாத்திரைய எழுதிக் குடுங்க" என்றேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு தைரியம் வந்திருந்தது.

"பொறுங்கோ. அப்பிடிக் குளிசை இருக்கு, பிறசருக்குத்தான் குடுக்கிறது. அது முரசையும் ஆத்துமெண்டு நான் சொல்லமாட்டன். எலிகளில பாத்திருக்கினம், மனுசரில இன்னும் தெளிவில்ல. ஆனா முரசைத் தடிக்கப் பண்ணாத குளிசைக்கு மாத்தலாமோ எண்டு உங்கட டொக்டரிட்டைக் கேளுங்கோ. கடிதம் தாறன். நீங்களா நிப்பாட்டக் கூடாது, விளங்குதே?"

பிறகு என் வாயைக் காட்டி, "இந்தக் கடைசிப் பல்லைக் காப்பாத்தேலாது. மற்றதுகளுக்கு முயற்சி செய்வம். உங்களுக்குச் சம்மதமோ?" என்றார்.

சம்மதமா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூடக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் காற்றில் நிற்கட்டுமே என்றுதான்.

அன்றைக்கு வலப்பக்கம் ஈறுக்கு அடியில் எல்லாம் சுரண்டினார். ஊசி போட்டும் வலித்தது. இடப்பக்கத்துக்கு ஐந்து நாள் கழித்துப் போனேன். கடைசிப் பல்லையும் அன்றைக்குத்தான் எடுத்தார். அதை அவர் பிடுங்கினார் என்று சொல்லமாட்டேன். நான் கொடுத்தேன்.

முதல் நாள் நானும் ரஞ்சிதமும் ஆட்டோவில் திரும்பினோம். வீடு வரப் போகிற நேரத்தில், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "யக்கா, அந்தாள் முன்னால நீ எப்டி வாய மூடுன?"

"தெரியல. மூடிட்டேன்."

"எனக்கும் அவன்தான் எடுத்தான். கெட்டியா இருந்த பல்லும் சேத்துத்தான். நான் ஒண்ணுமே கேக்கல. அவன் சொன்னான், நான் தொறந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "கெழங்கு தின்னு ஏழு வருசமாச்சு. இடிச்சுத் தின்னா அது கெழங்கா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டம்ளரில் பல்லைப் போட்டு என் முன்னால் வைத்தபோது எனக்கு அவள் மேல் இருந்த ஆத்திரம் அந்த இடத்தில் போய்விட்டது. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் இனிப்பில்லாத கறுப்புத் தேநீர் குடித்தோம். மீதிக் கருப்பட்டியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்றேன். "சுகர் இல்லாதவகளாப் பாத்துக் குடு" என்றாள் அவள்.

ஊருக்கு வந்து இறங்கியதும் உப்புக் குவியல் மேல் கீற்று போட்டு மூடியிருந்ததைப் பார்த்தேன். மழை வரப்போகிறது என்று அர்த்தம். ஒரு நாள் படுத்து எழுந்தேன். அடுத்த நாள் தோசை தின்றுவிட்டு பிரஷர் டாக்டரிடம் போனேன். அவர் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். கடிதத்தைப் படித்துவிட்டு மேசை மேல் போட்டார்.

"என்ன ஆச்சி, கொழும்புல பல்லு டாக்டர் சொன்னா நான் பிரஷர் மாத்திரைய மாத்தணுமா? நாலு வருசமா ஒத்துக்கிட்டுத்தான இருக்கு?"

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. பழைய நான் என்றால் சரி சார் என்று எழுந்து வந்திருப்பேன். நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நாலு வருசமா மாசாமாசம் வாரேன் சார். ஒரு நாள்கூட நீங்க வாயத் தொறந்து காட்டச் சொல்லல. இப்ப நானே தொறக்கேன். பாருங்க."

ஆ என்று திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு டிராயரிலிருந்து டார்ச்சை எடுத்தார். எழுந்து வந்து குனிந்து மேலும் கீழும் பார்த்தார். அவர் நேரம் எடுத்துப் பார்த்ததை நான் சொல்லத்தான் வேண்டும்.

"வீக்கம் இருக்கு" என்றார். "சொல்லியிருக்கலாம்ல ஆச்சி?"

"வெக்கமா இருந்துது சார்."

"இப்ப?"

"இப்ப இல்ல."

கிட்னிக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு மாத்திரைக்கு மாற்றினார். அந்த ஹார்மோனைத் தடுக்கிற ரகம்தானாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பிரஷர் அடங்கித்தான் இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அது ஈறு ஆறியதாலா, கருப்பட்டியை விட்டதாலா என்று கேட்டேன். "ரெண்டுந்தான்னு வச்சுக்கிடுங்க" என்றார். ஈறு பழைய மாதிரி ஆகவில்லை. ஆனால் பல்லை விட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டது. பல் தேய்க்கும்போது ரத்தம் எப்போதாவதுதான். இங்கேயே ஒரு பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் பண்ணிக்கொள்கிறேன்.

போன வாரம் திரேஸ்புரம் போனேன். முந்தானை தோளில்தான் கிடந்தது. "சீலா என்ன வெல?" என்று கேட்டேன். மீன்காரி நிமிர்ந்து, "ஏயம்மா, ஆச்சிக்குப் பல்லு இருக்கு!" என்றாள்.

இந்த வருடக் கிழங்கு வந்துவிட்டது. அவித்து, நார் உரித்து, இடப்பக்கம் வைத்து மென்றேன். மென்றுகொண்டே ரஞ்சிதத்துக்குப் போன் போட்டுச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். அந்தப் பக்கம் அவள் திட்டினாள். பிறகு, "இன்னொரு கடி கடி" என்றாள்.

மலர் போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டாக்டர் படிப்புப் படித்த யாராவது ஒருவரிடம் இதைக் காட்டி, ஹார்மோன் பெயர், மாத்திரை விவரம், கிட்னியிலிருந்து ஈறு வரை நான் எழுதியது எல்லாம் சரிதானா என்று பார்த்துத் திருத்திவிட்டுப் போடுங்கள். துண்டுச்சீட்டில் தண்ணீர் பட்டுவிட்டது. எழுத்தில் பாதி என் ஊகம். யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பற்களின் எண்ணிக்கையை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். இன்று காலையும் நாக்கால் எண்ணிவிட்டேன். பதினாறு.